பூட்டக்கா சொல்லாத நடை

பூட்டக்கா என்ற பெயரைக் காலர்காரி முதன்முதலில் கேட்டது தையல் கம்பெனியின் கை கழுவும் தொட்டியடியில். பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய புதிது. சட்டைக்குக் காலர் வைக்கிற வரிசையில் அவளுக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தவள் சோப்பு நுரையை உதறிக்கொண்டே சொன்னாள்.

“இஸ்திரிக் கடைக்குப் பின்னால ஒரு அக்கா புள்ளைங்களப் பாத்துக்குது. பூட்டக்கான்னு கேளு, காட்டுவாங்க.”

“அது என்ன பேரு?”

“வாயைத் திறக்காது. ஒரு வீட்டு விஷயம் இன்னொரு வீட்டுக்குப் போகாது. இத்தனை அம்மாக்காரிங்க வந்து போற இடத்துல ஒரு சண்டை கிடையாதுன்னா பாத்துக்கோ.”

பக்கத்து மெஷின்காரி பெருமையாகத்தான் சொன்னாள். காலர்காரி காதில் அது வேறு மாதிரி விழுந்தது. பேசத் தெரியாத குழந்தை ஒரு பக்கம், பேசாத பொம்பளை ஒரு பக்கம். அந்த அறைக்குள் நடப்பதை அப்புறம் யார் வந்து சொல்வது?

ஆனாலும் வேறு வழியில்லை. அதுவரை குழந்தையை வைத்திருந்தவள் நாத்தனார். லாரி ஓட்டுகிற புருஷனுக்கு நேர் மூத்தவள். தாய் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததால் தம்பியைத் தானே பெற்றதுபோல நடந்துகொள்கிறவள். “எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. ஆனா வேற எவகிட்ட விட்டாலும் உருப்படாது” என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வாள். இடுப்புதான் கடைசியில் ஜெயித்தது.

பூட்டக்கா இருந்தது ஒற்றை அறை. கதவுக்கு நேரே தண்ணீர் டிரம், சன்னலடியில் நீள பெஞ்சு, தரை முழுக்க ரெக்சின் விரிப்பு, சுவர் ஓரம் சுருட்டி வைத்த பாய்கள். இஸ்திரிக் கடையின் கரி வாசனையும் குழந்தைப் பவுடர் வாசனையும் அங்கே ஒன்றாகக் கலந்து கிடக்கும். அவள் நெடுநெடுவென்று வளர்ந்தவள். புருஷன் கட்டட வேலையில் செத்தான். ஒரே மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தாள். அந்தப் பெண் தங்கையை அம்மா என்றும் இவளைப் பெரியம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியை விட்டு இந்த அறையைப் பிடித்தாள்.

சாயங்காலம் எந்தத் தாய் வந்து நின்றாலும் அவளுக்கு ஒரே பாட்டுதான். “சாப்பிட்டான், தூங்குனான், சிரிச்சான்.” பெண் குழந்தையென்றால் கடைசி எழுத்து மாறும். அவ்வளவுதான் வித்தியாசம்.

காலர்காரியின் மகனுக்கு வீட்டில் உருண்டை என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் குப்புற விழுந்தான். அவள் தெருவுக்கே கேட்கக் கத்தி, புருஷனை எழுப்பிக் காட்டினாள். மறுநாள் காலையில் பூட்டக்காவிடம் சொன்னபோது, “அப்படியா தங்கச்சி” என்று அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் காலர்காரிக்குச் சுருக்கென்றது. ஏற்கெனவே கேட்ட சிரிப்புக் கதைக்கு மரியாதைக்காகச் சிரிக்கிறவர் முகம் அது.

பிறகு அவன் உட்கார்ந்தான், தவழ்ந்தான். ஒவ்வொன்றும் வீட்டில் நடக்கும்போது, முதல் தடவை செய்கிற தடுமாற்றம் அவனிடம் இருக்காது. நாலு நாள் ஒத்திகை பார்த்துவிட்டு மேடையேறியவன் மாதிரி செய்வான்.

“ஏன் அக்கா, இவன் இங்க ஏதாச்சும் புதுசா செய்றானா?”

“புள்ள புள்ளயாட்டம் இருக்கான். நீங்கதானே பாக்கணும்.”

இது பதிலா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காலர்காரி அதை மென்றுகொண்டே வந்தாள்.

அவனுக்கு ஒரு வயது நெருங்கியபோது, குளிப்பாட்டுகையில் உள்ளங்காலைப் பார்த்தாள். முழங்காலில் அழுக்கு இருந்தால் தவழ்கிறான் என்று விட்டுவிடலாம். குதிகாலிலும் பெருவிரலிலும் கரிப்பொடி ஏறிக் கிடந்தது. நடக்கிறவன் காலில் இருக்கிற அழுக்கு. வீட்டிலோ அவன் நிற்கக்கூட இல்லை. கேட்டாள். “தரையில கரி பறக்குது தங்கச்சி” என்றாள் பூட்டக்கா. கொஞ்ச நாளில் கால் தானாகச் சுத்தமாகிவிட்டது. அது இன்னும் சங்கடமாக இருந்தது. அதோடு பையன் சிணுங்க ஆரம்பித்தான். சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். தூக்கினால் அழுவான், இறக்கினாலும் அழுவான்.

நாத்தனார் தீர்ப்பு சொல்லிவிட்டாள். “மருந்து குடுக்குறா. அத்தனை புள்ளைங்களும் ஒரே நேரத்துல தூங்குதுன்னா சும்மாவா தூங்கும்?”

“அப்படியெல்லாம் இருக்காது அண்ணி.”

“நெருப்பில்லாம புகையுமாடி? வாயை மோந்து பாரு.”

மோந்து பார்த்தாள். பால் வாசனைதான் வந்தது. “வாசனையில்லாத மருந்தும் இருக்கு” என்றாள் நாத்தனார். அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு.

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். வெளியே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தாள், வாயைத் திறந்து பார்த்தாள்.

“எதையாச்சும் புடிச்சு நின்னிருக்கானா? அடி எடுத்து வச்சிருக்கானா?”

“இல்லங்க. இன்னும் நிக்கவே இல்ல.”

“பல்லு வருது, அதான் சூடு. நடை சில புள்ளைங்களுக்கு லேட்டாத்தான் வரும். பயப்படாதீங்க.”

மறுநாள் இதை அப்படியே பூட்டக்காவிடம் சொன்னாள். உன்னிடம் விட்டதால்தான் பிள்ளை பின்தங்கிவிட்டான் என்று குத்திக்காட்டுவதாக நினைப்பு. துணி மடித்துக்கொண்டிருந்த பூட்டக்காவின் கை அப்படியே நின்றது.

“நின்னானான்னு டாக்டர் கேட்டாங்களா?”

“ஆமா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இல்லேன்னேன். இல்லாததை எப்படி இருக்குன்னு சொல்றது?”

“ம்” என்றாள் பூட்டக்கா. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள். அன்றைக்கு முழுக்கக் காலர்காரி தைத்த காலரில் பாதி கோணல். சூப்பர்வைசர் பிரித்துத் தைக்கச் சொன்னான். அந்த “ம்” அவள் காதை விட்டுப் போகவேயில்லை.

அந்த வாரமே கம்பெனியில் கரன்ட் போய், மத்தியானத்தோடு எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். காலர்காரி முன்வாசலுக்குப் போகவில்லை. இஸ்திரிக் கடையின் கரி மூட்டைகளைத் தாண்டி, பின்பக்கச் சன்னலடிக்குப் போனாள். தன் பிள்ளையைப் பார்க்கத் தானே திருட்டுத்தனமாய் நிற்க வேண்டியிருக்கிறதே என்று இருந்தது. ஆனாலும் நின்றாள்.

உள்ளே மற்றக் குழந்தைகள் தூங்கின. பூட்டக்கா உருண்டையைப் பெஞ்சைப் பிடித்து நிற்க வைத்தாள். அவன் இடது காலை ஊன்றாமல் கொக்கு மாதிரி தூக்கிக்கொண்டு சிணுங்கினான். அவள் அவனை மடியில் இழுத்துப் போட்டு, கணுக்காலிலிருந்து கட்டை விரலால் அழுத்திக்கொண்டே மேலே வந்தாள். முழங்காலுக்குக் கீழே ஓரிடத்தில் அவன் வீறிட்டான். அவள் அதே இடத்தை மறுபடி அழுத்தினாள். மறுபடி வீறிட்டான். அவள் நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள்.

காலர்காரி சுற்றி ஓடி வந்து கதவைத் தள்ளின வேகத்தில் டிரம்மின் மூடி உருண்டது.

“எம் புள்ள கால என்ன பண்றே?”

பேச்சில் அக்காவும் போயிற்று, நீங்களும் போயிற்று. தூங்கின குழந்தைகள் ஒவ்வொன்றாக எழுந்து அழத் தொடங்கின. பூட்டக்கா பையனை நீட்டினாள்.

“உக்காருங்க தங்கச்சி. சொல்றேன்.”

“நின்னுக்கிட்டே கேக்குறேன். சொல்லு.”

“இவன் நடந்தான். பெஞ்சைப் புடிச்சு நின்னான், அப்புறம் கையை விட்டும் நடந்தான். கொஞ்ச நாளு நல்லா நடந்தான். அப்புறம் நடக்குறதை விட்டுட்டான். இப்போ இந்தக் காலை ஊனவே மாட்டேங்குறான். நடக்காத புள்ள வேற, நடந்து நின்ன புள்ள வேற. டாக்டருக்கு அது தெரியாது.”

காலர்காரிக்கு முதலில் காலைப் பற்றிய பேச்சு ஏறவேயில்லை. நடந்தான் என்ற ஒரு சொல்தான் ஏறியது.

“நடந்தானா? எங்கிட்ட ஏன் சொல்லல?”

“யார்கிட்டயும் சொல்றதில்ல. இங்க நடந்தது எதையும் சொல்றதில்ல. நான் ஆரம்பிச்ச புதுசுல, காஜா போடுற பொண்ணு ஒருத்திக்கிட்ட, உம் பொண்ணு இன்னைக்கு நடந்தாள்னு சந்தோசமா சொன்னேன். அவ இந்தப் படியில உக்காந்து அப்படி அழுதா. எனக்குன்னு இருந்ததே அது ஒண்ணுதான், அதையும் நீயே பாத்துட்டியான்னா. அன்னையிலேர்ந்து வாயைக் கட்டிட்டேன். வீட்டுல செய்யும்போது அதுதான் முதல் தடவைன்னு அம்மாக்காரி நெனச்சுக்கட்டும்னு.”

“டாக்டர் கேட்டதை வந்து சொன்னேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?”

“பயந்துட்டேன். நடந்தவன் நிறுத்திட்டான்னு சொன்னா, கீழ போட்டியான்னுதான் முதல்ல கேப்பீங்க.”

“போட்டியா?”

“இல்ல.”

“நடந்ததையே மறைச்சவ, விழுந்ததை மறைக்க மாட்டேன்னு நான் எப்படி நம்புறது?”

பூட்டக்கா உருண்டு கிடந்த டிரம் மூடியை எடுத்து மூடினாள். “நம்ப வேணாம். டாக்டர்கிட்ட நானே வந்து சொல்றேன். அதுக்கப்புறம் நீங்க என்ன வேணா பண்ணுங்க” என்றாள். மற்றக் குழந்தைகளை இஸ்திரிக்காரன் பெண்சாதியிடம் ஒப்படைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

காலர்காரி போனில் சொன்னதைக் கேட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் லாரிக்காரனும் நாத்தனாரும் முன்னாலேயே வந்து நின்றார்கள். லாரிக்காரன் பூட்டக்காவுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டான். “எலும்பு உடைஞ்சிருக்கட்டும், அப்புறம் இருக்கு இவளுக்கு” என்றாள் நாத்தனார். பிள்ளைக்கு எலும்பு உடைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோமே என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

பூட்டக்கா அங்கிருந்த டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். எப்போது நடந்தான், எப்போது விட்டான், எந்த இடத்தில் அழுத்தினால் அழுகிறான், எல்லாம். அந்த வாயிலிருந்து அத்தனை பேச்சு வந்து யாரும் கேட்டதில்லை. குழந்தையைப் படம் எடுக்க உள்ளே கொண்டுபோனார்கள்.

வெளியே பெஞ்சின் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி. நடுவில் நாத்தனாரின் பை. காலர்காரி சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“எப்படி நடந்தான்?”

“சன்னல்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தான். டிரம்மு மூடி கீழ விழுந்து சுத்துச்சு. அதைப் புடிக்கப் போனான். நடுவழியில நின்னு, கையில ஒண்ணுமில்லையேன்னு பாத்தான். அப்புறம் ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டே போயி, மூடி மேலேயே உக்காந்துட்டான்.”

காலர்காரிக்கு அது கண்ணெதிரே நடந்தது. நடந்து முடிந்த மறுகணமே ஒரு கேள்வி முளைத்தது. என்னைச் சமாதானப்படுத்த இப்போது இட்டுக்கட்டிச் சொல்கிறாளோ? முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். பூட்டக்காவின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

டாக்டர் வந்தார். எலும்பு முறியவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் கிருமி புகுந்து சீழ் கட்டத் தொடங்கியிருக்கிறது. படுக்கவைத்து ஊசி போட வேண்டும், அப்புறம் வெகுநாள் மருந்து. கால் பிழைத்துவிடும்.

“விழுந்து அடிபட்டா இது வருமா டாக்டர்?” என்றாள் நாத்தனார்.

“சின்ன அடிபட்ட இடத்துல சில நேரம் வரும். ஒண்ணுமே இல்லாமலும் வரும். எதனாலன்னு இந்தப் படத்துல தெரியாது. நடந்துட்டிருந்தான், நிறுத்திட்டான்னு முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா அப்பவே பாத்திருக்கலாம். இனியும் தள்ளிப்போட்டிருந்தா கால் வளர்த்தியே கெட்டிருக்கும்.”

அந்தச் சொல்லில் பாதி பூட்டக்காவைக் காப்பாற்றியது, பாதி அவளைக் குத்தியது. அவள் எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், மற்றக் குழந்தைகளைப் பார்க்கப் போய்விட்டாள். காலர்காரி தடுக்கவுமில்லை, கும்பிடவுமில்லை.

சேதி கம்பெனி முழுக்கப் பரவியது. சாயங்காலமானால் அம்மாக்காரிகள் அந்த வாசலில் நின்று குடைந்தார்கள். “எம் பொண்ணு வீட்டுல நடந்தது முதல் தடவையா, இல்ல இங்கதானா?” “எம் பையன் மொதல்ல அம்மான்னு சொன்னது யாரப் பாத்து?” ஒருத்தி, கொண்டாடிய நாளெல்லாம் பொய்யாகிவிட்டது என்று சண்டைக்கு வந்தாள். பக்கத்து மெஷின்காரி மட்டும், “எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம் அக்கா, நான் பாத்ததே எனக்குப் போதும்” என்றாள். சிலர் பிள்ளையை நிறுத்திக்கொண்டார்கள். பூட்டக்கா அதன்பிறகு எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தாள். விழுந்தது, கடித்தது, நடந்தது, நடக்காமல் போனது, எதையும் விடுவதில்லை. சொல்வதைக் கேட்டு நிற்க அம்மாக்காரிகளுக்கு நேரமில்லை என்பது வேறு விஷயம்.

உருண்டை கால் தேறி இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஓடும்போது எந்தக் கால் என்று பார்த்தவர்களுக்குத் தெரியாது. காலர்காரிக்கு இரண்டாவது பெண் பிறந்தாள். அவளை நாத்தனாரிடமே, இடுப்பு வலியோடு விட்டிருக்கிறாள். “டாக்டர்கிட்ட வந்து நின்னாளே, அது பெரிய மனசு” என்று புருஷன் ஒருநாள் சொன்னபோது, “பெரிய மனசுதான். ஆனா கீழ போட்டாளா இல்லையா, அது இன்னைக்கும் எனக்குத் தெரியாது” என்றாள்.

பூட்டக்கா அதே இஸ்திரிக் கடைக்குப் பின்னால், அதே அறையில் இருக்கிறாள். முன்பைவிடக் குறைவாகப் பிள்ளைகள் வருகிறார்கள்.