நிஸாம் நானாவின் கார்ட் பெட்டி

புதிதாக வெளியாகவிருந்த விளையாட்டுக் கார்டுகளின் படங்களை வைத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நான் வாதாடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சாவுச் செய்தி வந்தது. பசறையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். "நிஸாம் நானா மௌத்தாயிட்டாராம். நெஞ்சு வலியாம்" என்று எங்களோடு ஆடும் செல்வம் எழுதியிருந்தார். அதற்கு மேலே, சற்று முன் நானாவிடம் நான் கேட்ட கேள்வி பதிலில்லாமல் கிடந்தது. உட்கார முடியவில்லை. எழுந்துபோய்க் கதவருகே நின்றேன்.

பதுளைக் கடைவீதியில் அவரைச் செல்போன் கடைக்காரராக எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு அவர் நானா, அண்ணன்; அந்தக் கார்ட் பெட்டியின் சொந்தக்காரர். வெவ்வேறு வெளியீடுகளிலிருந்து அவரே பொறுக்கிச் சேர்த்த கார்டுகள். ஞாயிறுதோறும் கடை மாடியில் அவற்றைக் கலைத்துப் பிரிப்போம். கைக்கு வந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்தவருக்குத் தள்ளுவோம். அப்படி ஒவ்வொருவரிடமும் சேரும் கார்ட் கட்டை வைத்துத்தான் ஆட்டம். புதுக் கார்ட் ஒன்று பெட்டிக்குள் போனால் பழையது ஒன்று வெளியேற வேண்டும். அதனால் ஒவ்வொரு வெளியீடும் ஒரு சண்டை.

ஒருமுறை, எந்தத் தாக்குதலையும் தடுத்து நிறுத்தும் ஒரு கோட்டைக் கார்டுக்காக நான் மன்றாடினேன்.

"பலமான கார்ட்தான் டீச்சர். ஆனா இது வந்தா ஆட்டம் முடியாது. செல்வத்துக்கு ஸ்பிரிங்வெளி கடைசி பஸ் பெய்த்துரும்" என்றார் நானா.

"எனக்காகப் பாக்காதீங்க நானா. நேரமானா நான் எந்திரிச்சுப் போயிடுறேன், நீங்க ஆடுங்க" என்றார் செல்வம்.

"நீங்க எழும்பிப் போற ஆட்டத்துக்கு நான் ஏன் பெட்டி கட்டணும்?"

கோட்டை உள்ளே போகவில்லை. அன்று அவரோடு முகம் கொடுத்துப் பேசாமலே கிளம்பினேன்.

அவர் கணிப்பும் சில நேரம் தவறும். செல்வம் கொண்டுவந்த ஒரு சின்னக் கார்டை, "டீ பக்கட்டோட சும்மா குடுக்கிற சாமான் மாதிரி ஈக்கு" என்று சிரித்தார். ஆனால் தனக்குப் பிடிக்காத கார்டை அவரே தன் கட்டில் சேர்த்து ஆடிப் பார்ப்பார். அந்தச் சின்னக் கார்டை வைத்தே என்னைத் தோற்கடித்தார். வென்றவர் மகிழவில்லை, கார்டைக் கையில் பிடித்தபடி மாடி முழுக்க நடந்தார். "எப்படி இத வுட்டேன்? இன்னம் எத்தின கார்ட இப்படி வுட்டிருப்பேன்?"

அடக்கம் முடிந்து சில வாரங்களில் அவர் மனைவி பரீனா பெட்டியை எங்களிடம் தந்தார். "அலுமாரியில வெச்சுப் பாத்து என்ன செய்ய? விளையாடுங்க."

கூடினோம். புது வெளியீட்டில் ஒரு கார்ட் எல்லோருக்கும் பிடித்திருந்தது. எதை வெளியே எடுப்பது?

"எதத் தொடுறது டீச்சர்? எல்லாமே அவரு வச்சது" என்றார் செல்வம்.

யாரும் கை வைக்கவில்லை. கடைசியில் நான்தான் படகோட்டிக் கார்டை உருவினேன். நானாவைத் தவிர வேறெவரும் ஒருநாளும் எடுக்காத கார்ட் அது. மேசையைச் சுற்றி வரும். எல்லோரும் அவருக்கே தள்ளிவிடுவோம். இனி அதை எடுக்க ஆளில்லை. செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஆடினோம், மோசமாக ஆடினோம்.

தன் கணிப்பையே ஓயாமல் சந்தேகிக்கும் அந்தப் பிடிவாதத்தைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்கிறேன். அது என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை. படகோட்டியை எடுத்தது சரியா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சரிதான் என்றே நானா சொல்லியிருப்பார். முகம் மட்டும் கொஞ்சம் வாடியிருக்கும்.