பலகையில் ஏறிய சட்டம்

பதவி உயர்வுப் பரீட்சைக்காக மஹய்யாவையில் ஞாயிறு வகுப்புக்குப் போனேன். பாடம் எடுத்த சேருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. மடிப்புக் கலையாத சட்டை, மீசையில் எப்போதும் சோக்குத் தூள். பலகையில் எழுதும் முன், “கேக்கிறதெல்லாம் இப்பவே கேளுங்க” என்று அரை நிமிடம் கடிகாரத்தைப் பார்ப்பார். எழுதிவிட்டால் கேள்வி கிடையாது.

அன்று, சட்டத்தையே செல்லாது என்று சொல்லும் அதிகாரம் அமெரிக்க நீதிமன்றத்துக்கு வந்த கதை. ‘அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டுள்ளது’ என்று அழகாக எழுதினார்.

“இல்லையே சேர். ஒரு வழக்குல நீதிபதிகளே எடுத்துக்கிட்டதுதானே?” என்றேன்.

“சரிதான் அண்ணே. ஆனா எழுதியாச்சே.”

“பிழைன்னு தெரிஞ்சுமா?”

“பாஸான சட்டத்தைக் கோர்ட்டுல கேள்வி கேக்கிறது அமெரிக்காவுல. நம்ம நாட்டுல பாஸாகிறதுக்கு முன்னாடி மட்டுந்தான் கேக்கலாம். நான் இந்த நாட்டு வாத்தியார்.”

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. உண்மையை எழுதினேன்; அதைப் பிழையென்று வெட்டியதில் ஒரு புள்ளியில் பெயிலானேன். விடைத்தாளை மறுபடி பார்க்கச் சொல்லி விண்ணப்பத்தோடு பரீட்சைத் திணைக்களத்துக்குப் போனேன். முடிவு வெளியாகும் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டுமாம்.

அந்தக் கணத்தில் சேர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.