தறியை நிறுத்திய தெரு

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் ஒரே ஒரு அறைதான் எங்கள் அலுவலகம். வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்களுக்கு உதவுவது எங்கள் வேலை. அந்த வேலையில் ஊர்க்காரர்களையும் கூட்டுச் சேர்க்க வேண்டும் என்று சொல்லி, நான் சேர்ந்த முதல் மாதமே ஆர்.கே.பேட்டைக்கு அப்பால் ஒரு நெசவு ஊருக்கு என்னை அனுப்பினார்கள். டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் விசைத்தறிச் சத்தம் காதை நிறைத்தது. தெருவுக்கு ஒரு பெரிய தறிக் கொட்டகை. எதிரில் நிற்பவர் பேசுவதே பாதிதான் கேட்கும்.

படித்ததையெல்லாம் அப்படியே நம்பிய காலம் அது. ‘குடும்ப வன்முறைத் தடுப்பு விழிப்புணர்வுக் கூட்டம்’ என்று கொட்டை எழுத்தில் நோட்டீஸ் அடித்து ஒட்டினேன். சமுதாயக் கூடத்தில் நாற்பது நாற்காலி போட்டேன். வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் நாற்காலிகளை வாடகைக்குக் கொடுத்தவர். இன்னொருவர் மகளிர் குழுக் கூட்டம் என்று நினைத்து வந்துவிட்டவர். இல்லை என்று தெரிந்ததும் டீயை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார். மூன்றாவது ஆள், தெரு முனையில் தையல் கடை வைத்திருந்த அக்கா. கழுத்தில் தொங்கும் டேப்போடு முன்வரிசையில் உட்கார்ந்து, முப்பத்தெட்டுக் காலி நாற்காலிகளைப் பார்த்து நான் ஆற்றிய உரையை முழுசாகக் கேட்டார்.

“நல்லாத்தான் பேசுறீங்க மேடம். ஆனா இதுக்கு எவ வருவா? இங்க வந்து குந்துனா, என் ஊட்டுல எனக்கு அடி வுழுதுன்னு நானே தண்டோரா போட்ட மாதிரி ஆவாதா?”

“அப்ப என்னக்கா பண்றது?”

“ஜாக்கெட் தைக்கக் கத்துத் தர்றோம்னு சொல்லுங்க. எவன் தடுக்கறான் பாக்கலாம்.”

ஒருவனும் தடுக்கவில்லை. புதன்கிழமை தோறும் மத்தியானம் அவர் கடையில் வகுப்பு. சந்தேகம் வரக் கூடாதே என்று நானும் மாணவியாக உட்கார்ந்தேன். நான் தைத்த முதல் ஜாக்கெட்டில் இரண்டு கையுமே இடது கையாக வந்தன. அதை அக்கா தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்ட, கடையே சிரித்தது. ஒரு வகையில் எங்கள் முதல் வெற்றி அதுதான். படித்துவிட்டு வந்தவளுக்கு ஒரு கையைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியவில்லை என்றதும் அவர்களுக்கு என்னிடம் பேச வாய் வந்தது.

யார் யார் அடி வாங்குகிறார்கள் என்பது அக்காவுக்கு முன்பே தெரியும். “அளவு எடுக்கறது நானு. ஊரே வெயில்ல வெந்துகினு இருக்கச் சொல்லோ, முழங்கை வரைக்கும் கை வெச்சுத் தெச்சிக் குடுன்னு கேக்கறா. ஃபேஷன்னா நெனைக்கறீங்க?”

அப்படி நீளக் கை கேட்டவர்களில் ஒருத்தி தார் சுற்றும் வேலை, அதாவது தறி நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றும் வேலை, செய்துகொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு. வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். அவள் புருஷன் தறி ஓட்டும் கொட்டகையின் சுவரும் அவர்கள் வீட்டுச் சுவரும் ஒன்று. நான்காவது வாரம், ஊசியில் நூல் கோக்கத் தலையைக் குனிந்தபடியே சொன்னாள்.

“தறி ஓடச் சொல்லோதான் அடிப்பாரு. நான் கத்துறது எனக்கே கேக்காது.”

அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி துணியை மடியில் போட்டுவிட்டு, “சத்தியமா எனக்கும் கேட்டதில்லம்மா” என்றாள். அது பொய்யில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “அப்ப தறிய நிறுத்த வேண்டியதுதான்.”

அந்தக் கொட்டகையின் முதலாளி, அக்காவின் கூடப் பிறந்த அக்காவைக் கட்டியவர். பாவா முறை என்பதால் அவரிடம் என்ன வாயாடினாலும் செல்லும். இருவரும் போனோம். நான் சட்டப் புத்தகத்தை விரித்தேன். அவர் எனக்குக் கலர் சோடா வரவழைத்தார்.

“குடும்ப விஷயத்துல நாம எப்பிடிம்மா தலையிடறது? அவன் நல்ல வேலைக்காரன். அதுவுமில்லாம நடுவுல நிறுத்தி ஓட்டுனா துணியில கோடு வுழும்.”

“அவ முதுவுல வுழுற கோடு பரவால்லியா பாவா?”

அவர் தறியில் ஏதோ நூல் அறுந்துவிட்ட மாதிரி எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்காவோ சிரித்துக்கொண்டே நடந்தார். பாவா வீட்டில் அடுத்த வாரம் கல்யாணம் என்பதும், பாவா மனைவியின் பட்டு ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அக்கா கடையில் ஊசி உடைந்துவிட்டது. மூன்று நாள் இருக்கும்போது மெஷின் பெல்ட் அறுந்துவிட்டது. இரண்டு நாள் இருக்கும்போது, ஊரிலேயே கொக்கி தீர்ந்துபோய்விட்டது. அன்று சாயங்காலம் பாவாவின் மனைவி, பெரியக்கா, கடைக்குள் புயலாக நுழைந்தார். தங்கை அவரை உட்கார வைத்து, ஜாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல், நீளக் கை கேட்ட பெண்ணைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். பெரியக்கா வீட்டில் போய் என்ன பேசினார் என்று தெரியாது. மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன்பே பாவா வண்டியோடு வாசலில் நின்றார்.

“இன்னா செய்யணும்னு சொல்லு, செய்றேன். மொதல்ல அந்தக் கொக்கிய வையி.”

அலுவலக அறிக்கையில் நான் இப்படி எழுதினேன்: ‘உள்ளூர்த் தொழில்முனைவோரிடம் தொடர்ந்து பேசி ஒத்துழைப்பு பெறப்பட்டது.’ கொக்கியைப் பற்றி எழுதவில்லை.

ஏற்பாடு சுலபமானது. காதுக்குத்தான் எட்டாது; பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொல்லைச் சுவருக்கு மேலாக ஏதாவது கண்ணில் பட்டால் முதலாளிக்கு மிஸ்டு கால். அவர் மெயின் சுவிட்சை இறக்குவார். சத்தம் நின்றால் கைவேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். மகளிர் காவல் நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் நான் முன்கூட்டியே பேசி வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. தார் சுற்றும் பெண் வகுப்புக்கு வரவில்லை. காய்ச்சல் என்று பக்கத்து வீட்டுக்காரியும் வரவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. திடீரென்று தறிகள் நின்றன.

அந்தத் தெருவில் அப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. அதன் நடுவில் ஓர் ஆண் குரல் மட்டும் தெருவெங்கும் கேட்டது. “சோறு போடறதுக்கு எம்மா நேரம்டி? எவகிட்ட பேசிகினு இருந்த?” இன்னொரு வாக்கியமும் முழுசாக வந்தது, எழுத முடியாதது. அதற்குப் பிறகுதான் தன் குரல் தனியாகக் கேட்கிறது என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாங்கள் ஓடவில்லை, நடந்தோம். ஓடினால் சண்டையாகிவிடும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். முதலில் போனவள், “கொஞ்சம் புளி இருக்குமா?” என்றாள். அடுத்தவள் மணி கேட்டாள். மூன்றாமவளுக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை; சும்மா நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். கொட்டகையிலிருந்து ஆண்களும் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். அக்கா நேராக அவனிடம் போய் டேப்பை உருவினார்.

“கையத் தூக்குங்க தம்பி. சட்டைக்கு அளவு எடுக்கணும். இந்தக் கை எம்மா தூரம் நீளுதுன்னு தெருவே தெரிஞ்சிக்கட்டும்.”

ஏன் என்றே தெரியாமல் அவன் இரண்டு கையையும் தூக்கினான். வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. உள்ளே அடுப்படி ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். காதோரம் ரத்தம் வழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், “தறி ஏன் நின்னுச்சி?” என்று கேட்டாள்.

“உனக்காகத்தான் நிறுத்தினாங்க.”

“எனக்காகவா? மொத்தக் கொட்டகையுமா?”

அடிபட்டபோது அழுதாளோ என்னவோ, அதைக் கேட்ட பிறகு அழுதாள்.

முதலாளியே தன் காரில் அவளைத் திருத்தணி மருத்துவமனைக்கு அழைத்துவந்தார். மறுநாள் அவளாகவே புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். திருவாலங்காட்டில் தன் சொந்த அக்கா வீட்டில் சில மாதம் இருந்தாள். கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்கிக்கொண்டு, அவன் இரண்டு முறை வந்து கூப்பிட்ட பிறகு, யோசித்துத் திரும்பினாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். “என் ஊடு மேடம் அது. நான் ஏன் வுட்டுத் தரணும்?” என்றாள்.

அதன் பிறகு ஒரு நாள் மத்தியானம் தறிகள் மறுபடி நின்றன. அதே மாதிரி நடந்து போனோம். அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்து ரசம் சோறு பிசைந்துகொண்டிருந்தான். வாசலில் எட்டுப் பெண்களைப் பார்த்ததும் எச்சில் கையோடு எழுந்துவிட்டான்.

“ஐயோ, நான் ஒண்ணுமே பண்ணலீங்க! கரண்டு போயிருக்குது! ஈ.பி. காரங்கள கேளுங்க!”

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எல்லாத் தெருவிலும் இப்படி முடியவில்லை. இரண்டு முதலாளிகள் இன்றுவரை சுவிட்சைத் தொட மறுக்கிறார்கள். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியை, நாங்கள் பேச ஆரம்பித்ததுமே, புருஷன் வீட்டார் ஊரைக் காலி செய்து எங்கோ கூட்டிப் போய்விட்டார்கள். எங்கே என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் முகம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

போன மாதம் திருவாலங்காட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பெண்கள் கூப்பிட்டார்கள். அங்கே தறி கிடையாது. சுற்றிலும் கரும்பு, நெல், அமைதி. அடி விழுந்தால் நன்றாகவே கேட்கும். கேட்டும் ஒருவரும் வருவதில்லை.

“இங்க இன்னாத்த நிறுத்தறது?” என்று அக்கா பஸ்ஸில் வரும்போது வெகுநேரம் யோசித்தார். பிறகு, அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் தினமும் கூடும் இடம் எது என்று கேட்டார். மாடு வைத்திருப்பவர்கள் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் இடம் என்றேன்.

மறுநாள் விடிந்ததும் பால் வரிசையில் நாங்களும் நின்றோம், ஆளுக்கொரு காலிக் கேனோடு. முன்னால் நின்ற பெண் எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

“உங்க மாடு எங்கம்மா?”

“இனிமேதான் வாங்கணும்” என்றார் அக்கா. “நீ சொல்லு, உங்க ஊட்டுல எல்லாரும் சௌக்கியமா?”