ஈ இல்லாத குழாய்

2024 நவம்பர் 12, செவ்வாய். வழக்கம்போல நகரத்தின் கிழக்கு ஓரத்தில், மோர்னிங்சைட்டில் பஸ் ஏறி, ரயில் மாறி, எல்லோருக்கும் முன்பாக ஆய்வுகூடத்துக்கு வந்தேன். குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் குறித்தேன். மேசையைத் துடைத்தேன். கையுறை போட்டேன்.

என் வேலை செத்த ஈக்களோடு. ஆபிரிக்க ஆற்றங்கரைகளில் கடித்து, உறக்கநோயைப் பரப்பும் செற்சி ஈக்கள். நாங்கள் ஆராயும் மாவட்டத்தில் இப்போது நோயாளிகள் இல்லை. ஆனாலும் ஆளில் தெரியாத கிருமி ஈயில் இருக்கலாம். ஈயிலும் இல்லையென்று காட்டினால்தான் பரவல் நின்றுவிட்டது என்று உறுதியாகச் சொல்லமுடியும். பொறி வைத்துப் பிடிக்கிறவள் அங்கே. அரைத்துச் சோதிக்கிற நான் இங்கே. அங்கே போக இரண்டுபேரும் விண்ணப்பித்தோம். அதே நகரத்தின் மேற்கு ஓரத்து ரெக்ஸ்டேல்காரியான அவளைத்தான் தெரிவுசெய்தார்கள். என்னைவிட இளையவள்.

நீலத்துணிப் பொறிகளுக்குப் பக்கத்தில் நின்று படம் அனுப்புவாள். அன்று காலை நான் வெளிக்கிடமுன், தேநீரோடு என் கணவர் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“பிள்ளை வெயிலில கறுத்தாலும் வடிவாத்தான் இருக்கிறா. உம்மட ஈயள் ஒண்டும் ஃபோட்டோவுக்கு நிக்காதோ?”

“நிக்கும். தலையில்லாமல்.”

ஈக்களின் கடைசித் தொகுதியைச் சோதிப்பது அன்றுதான். அதிலும் கிருமி இல்லையென்றால் அறிக்கை அவள் பெயரில் போகும். மதியம் திரையில், கிருமி இருந்தால் மட்டும் எழுகிற கோடு ஒன்று மேலெழுந்தது. ஆற்றங்கரைப் பொறியில் பிடித்த ஈக்கள். எனக்கு வந்தது பயமல்ல, சந்தோசம். உடனே அவளை அழைத்தேன்.

“அக்கா, ஒண்டுமில்லைத்தானே?”

“ஒண்டு இருக்கு.”

“எந்தப் பொறி?”

சொன்னேன். இனி அறிக்கையைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

“ஐயோ, அது பெடியள் குளிக்கிற துறை அக்கா. இப்பவே போய்ச் சொல்லப்போறன்.”

வைத்துவிட்டாள். அந்த மனமும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று எனக்கு எரிந்தது.

பிறகுதான் மற்றக் குழாயைப் பார்த்தேன். ஒவ்வொரு தொகுதியோடும் ஈ போடாமல், தண்ணீர் மட்டும் விட்ட ஒரு குழாயை வைப்போம். அதை முதலில் பார்க்கவேண்டும். அது சுத்தமாக இருந்தால்தான் மற்றவற்றை வாசிக்கலாம். இத்தனை வருடத்தில் அன்றுவரை நான் அந்த ஒழுங்கை மாற்றியதில்லை. அதிலும் கோடு எழுந்திருந்தது. பிழை ஈயில் இல்லை, எல்லாக் குழாயிலும் நான் விட்ட தண்ணீரில்.

புதுத் தண்ணீர் எடுத்து எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். ஈக்களில் எதுவுமில்லை. அவளை அழைத்தேன். தொலைபேசி அணைந்திருந்தது. வீட்டுக்குப் போகும்வரை அழைத்துக்கொண்டேயிருந்தேன்.

மறுநாள் எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், மீண்டும் அழைத்தேன்.

“பிழை என்ரை. ஈயில ஒண்டுமில்லை.”

“கடவுளே, நல்லதாப் போச்சு! இஞ்ச பெடியள் குளிக்கவிடேல்லை எண்டு என்னைத் திட்டிக்கொண்டு நிக்கிறாங்கள்.”

சிரித்தாள். கோபித்திருந்தால் அவளைக் கொஞ்சம் வெறுக்கவாவது முடிந்திருக்கும். அவர்களுடைய மொழியில் ஏதோ கத்தினாள். பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகத் தண்ணீரில் பாய்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.