காப்பிக்கலர் கதையும் கறுப்புக் கதையும்

தொடர்கதையை வாராவாரம் படிக்கிறவர்களை அம்மாவுக்குப் பிடிக்காது. சோற்றை ஒவ்வொரு பருக்கையாகத் தின்கிற ஜாதி என்பாள். பத்திரிகை வந்ததும் கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து அலமாரியில் அடுக்குவாள். கதை முடிந்ததும், இராயபுரத்தில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்த மாமாவிடம் கொடுத்துத் தைத்து வாங்கி, அதற்குப் பிறகுதான் படிப்பாள். அவளுக்குப் பின்னால் டோல்கேட் பக்கம் நாங்கள் இருந்த லைன் வீட்டின் ஏழு குடித்தனமும் காத்திருக்கும்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் அப்படித் தைக்கப் போனது ஒரு யுத்தகாலத்து மர்மக் கதை. அதற்கு நீளமாக, அழகாக ஏதோ தலைப்பு இருந்தது. எங்கள் லைனில் அதற்குக் குண்டுக் கதை என்று பெயர். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான காலத்தில் ஒரு வாரம், நம்முடைய காலத்தில் மறு வாரம் என்று மாறி மாறி வந்தது. வாசகர்கள் குழம்பக் கூடாது என்று பத்திரிகைக்காரர்கள் பழைய காலத்தைக் காப்பிக்கலர் மையிலும் இந்தக் காலத்தைக் கறுப்பு மையிலும் அச்சடித்திருந்தார்கள். வாசகர்கள் குழம்பவில்லை. மாமா குழம்பிவிட்டார்.

"இன்னாக்கா நீ, ரெண்டு கதய ஒண்ணாக் கலக்கி வெச்சிக்கீற? பிரிச்சி அடுக்கறதுக்குள்ள பேஜாராப் பூட்ச்சி" என்று சொல்லிக்கொண்டே அவர் அம்மாவிடம் இரண்டு புத்தகங்களை நீட்டினார். ஓரத்தை நறுக்கிய நறுக்கில் அத்தியாய எண்களும் போயிருந்தன. ஒரு வரிகூடப் படித்திராத அம்மா, தம்பியின் சாமர்த்தியத்தை மெச்சி அவருக்கு முட்டை பொரித்துப் போட்டாள். அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் கண்டதால் இரண்டு புத்தகங்களும் சில நாள் எங்கள் வீட்டிலேயே, எங்களோடு இருந்த அத்தையின் தலைமாட்டில் கிடந்தன. பிறகு காப்பிக்கலர் ஒரு பக்கமும் கறுப்பு ஒரு பக்கமுமாக லைனைச் சுற்றக் கிளம்பின.

காப்பிக்கலர் கதையில், துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவனுக்கும் இராயபுரத்துப் பெண்ணுக்கும் கல்யாணம் ஆகிறது. இருவரும் ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். விளக்கு பளிச்சென்றதும் அவள் கண்ணை மூடிவிடுகிறாள். துறைமுகத்தில் குண்டு விழுந்த அன்று வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஊர் ஜனமெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஓட, அவள் மட்டும் துறைமுக கேட்டுக்கு எதிரில் வருடக்கணக்காக நிற்கிறாள். அத்தோடு புத்தகம் முடிந்துவிடும். கறுப்புக் கதையில், எங்கோ தெற்கே ஒரு பெண் செத்துப்போன தன் தாத்தாவின் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டி ஒன்றை இழுத்துத் திறக்கிறாள். தாத்தாவுக்கு வேறு பெயரும் வேறு ஊரும் இருந்தது தெரியவருகிறது.

அடிபம்புக்குப் பக்கத்தில் தினமும் விமர்சனம் நடக்கும். ரயில்வேக்காரர் வீட்டம்மா காப்பிக்கலர் கட்சி. "அவன் செத்துட்டாம்மா. குண்டு வுழுந்தா ஆளு முழுசாவா கெடைப்பான்?" என்று கண்ணீர் விடுவாள். எதிர் வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்த பாய் வீட்டு அக்கா கறுப்புக் கட்சி. அவள் சிரிப்பாள்.

"யாரு செத்தா? அந்தக் கெழவன் ஊர ஏமாத்துன கேடியாச்சே!"

"குண்டுக் கதைல கெழவன் எங்கேர்ந்தும்மா வந்தான்?"

"உங்க கதைல குண்டு எங்கேர்ந்துக்கா வந்துச்சி?"

குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் சண்டை போடுவார்கள். எனக்கு அது டி.வி.யில் வரும் எந்த நிகழ்ச்சியையும்விட நன்றாக இருந்தது. ஆனால் ஒரு நாள் அந்தச் சண்டை பட்டென்று நின்றுபோனது. புத்தகங்களை மாற்றிப் படித்திருந்தார்கள் என்று இப்போது தெரிகிறது. அதற்குப் பிறகு கதையைப் பற்றித் தணிந்த குரலில் பேசினார்கள். அத்தை குடத்தோடு வருவது தெரிந்தால், தண்ணீரில் உப்பு ஏறிவிட்டதைப் பற்றிப் பேசினார்கள். படிக்காதவர்களுக்கு முடிவைச் சொல்லிவிடக் கூடாது என்கிற நாகரிகம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அத்தை அப்பாவின் தங்கை. அவளைக் கட்டியவர் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர். முதல் வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. நான்கு வருடமாக அத்தை எங்களோடுதான் இருந்தாள். அவர் விசாகப்பட்டினத்தில் இன்னொரு பெண்ணோடும் ஒரு குழந்தையோடும் குடும்பம் நடத்துவதை, லாரி ஓட்டப்போன பாய் வீட்டு அக்காவின் தம்பி தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தார். இது லைனுக்கே தெரியும். அத்தைக்குத் தெரிந்தால் உயிரை விட்டுவிடுவாள் என்று அப்பா ஒவ்வொரு வீடாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாராம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கல்யாணமாகிப் போன பிறகுதான் அம்மா சொன்னாள்.

காப்பிக்கலர் புத்தகத்தை அத்தை மூன்று முறை படித்தாள். மத்தியானங்களில் எனக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவாள். சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தபடி நான் கேட்பேன். காற்றில் ஒரு பக்கம் மீன் வாசமும் மறு பக்கம் தொழிற்சாலைப் புகையும் வரும். ஷிப்டுக்கு ஊதும் சங்கு எனக்கு விமானம் வருகிறது என்று எச்சரிக்கும் சங்காகிவிடும். கண்ணைத் திறந்தால் எந்தக் காலத்தில் கிடக்கிறேன் என்று கொஞ்ச நேரம் விளங்காது. பள்ளிக்கூடம் போகும் வழியில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்தப் பெண் தலையில் முக்காடிட்டு நடந்து போவதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பொய் இல்லை, அப்போது நிஜமாகவே பார்த்தேன்.

"அவ கேட்டாண்ட நிக்கறதுல தப்பே இல்ல" என்பதுதான் கதையைப் பற்றி அத்தையின் கருத்து. கறுப்புப் புத்தகத்தை அவள் கேட்ட போதெல்லாம், அது அந்த வீட்டில் இருக்கிறது, இந்த வீட்டில் இருக்கிறது என்றார்கள். இரண்டு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் வீட்டு அக்கா ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்க, அவள் காலடியில் உட்கார்ந்து நான் கறுப்புப் புத்தகத்தைப் படித்தேன். தகரப் பெட்டியின் அடியில் ஒரு ஸ்டுடியோ படம் இருந்தது. அதில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. அவன் சாகவே இல்லை! குண்டு விழுந்த குழப்பத்தில் ஓடிப்போய், வேறு கல்யாணம் செய்துகொண்டு, பேரன் பேத்தி எடுத்து, கட்டிலில் படுத்துச் செத்திருக்கிறான். ஊரிலேயே இதைக் கண்டுபிடித்தது நான் ஒருத்திதான் என்று துள்ளிக் குதித்தேன்.

அக்கா மெஷினை நிறுத்தினாள். "கண்ணு, ஒங்க அத்தையாண்ட சொல்லாத. இன்னா? முன்னாடியே சொல்லிட்டா கதையோட ருசி பூடும்." சத்தியம் செய்துகொடுத்தேன்.

அந்த சத்தியம் சாயந்திரம் வரைக்கும்தான் தாங்கியது. அத்தையும் நானும் கல் கொட்டிய கடற்கரைக்குப் போய் உட்கார்ந்திருந்தோம். துறைமுகத்தில் இடம் கிடைக்காத கப்பல்கள் தூரத்தில் வரிசையாக நின்றன. மூடுபனி மாதிரி ஒரு புகை கடல்மேல் கிடந்ததில், அவை தண்ணீரில் நிற்கின்றனவா வானத்தில் நிற்கின்றனவா என்று சொல்ல முடியவில்லை.  "அந்த ஆளு இன்னா ஆயிருப்பான்?" என்று அத்தை கடலைப் பார்த்தே கேட்டாள்.

"சாவல அத்தே!" வாய் முந்திக்கொண்டுவிட்டது.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். கன்னத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கக்கூட இல்லை. "நல்லாக்கிறானா?" என்றாள்.

"நல்லாக்கிறாரு. எல்லாம் கீது அவருக்கு."

எங்கே என்று கேட்டுவிடுவாளோ, யாரோடு என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்டிருந்தால் கொட்டியிருப்பேன். அவள் கேட்கவே இல்லை. என் பாவாடையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, "வா, வூட்டுக்குப் போலாம்" என்றாள். முக்கால்வாசி ரகசியத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு நான் நடந்தேன்.

கறுப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், கதையைப் பற்றிய கருத்துகளை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பலாம் என்று ஓர் அறிவிப்பு இருந்தது. கடைசித் தேதி மாமாவின் நறுக்கலில் போயிருந்தது. என் கையெழுத்து குண்டு குண்டாக நன்றாக இருக்கும் என்று லைனே என்னிடம் அட்டையைக் கொண்டுவந்தது. ரயில்வேக்காரர் வீட்டம்மா, அந்த ஆம்பளையைச் சாகடித்தே இருக்கலாம் என்று எழுதச் சொன்னாள். பாய் வீட்டு அக்கா, கேட்டில் நின்றவளுக்கு ஒரு தையல் மெஷினாவது கொடுத்திருக்கலாம் என்றாள். அம்மா, இரண்டு கதைகளும் தனித்தனியே நன்றாக இருக்கின்றன என்று எழுதச் சொன்னாள். தம்பியை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

எல்லோரும் போன பிறகு அத்தை ஓர் அட்டையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்லச் சொல்ல எழுதினேன்.

"கத ஜோரா கீது. ஆனா அந்தப் பேத்தி பொட்டியத் தொறக்காம வுட்ருக்கலாம். அவ நின்னுகினு இருந்துட்டுப் போறா, யாருக்கு இன்னா நஷ்டம்?"

பெயர் என்ன போடுவது என்று கேட்டேன். ஒரு வாசகி என்று போட்டால் போதும் என்றாள். நல்ல தமிழில் திருத்தி எழுதி, முகவரியும் எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பெட்டி கறுப்புக் கதையில் அல்லவா இருக்கிறது! நான் சொல்லவில்லை. அப்படியானால் வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நேராக எதிர் வீட்டுக்கு ஓடினேன்.

"அத்தையாண்ட கதைய இன்னாத்துக்குச் சொன்னீங்க? என்ன மட்டும் சொல்லாதன்னீங்க!"

அக்காவின் கால் மெஷின் மிதியிலேயே நின்றுவிட்டது. "நா சொல்லல கண்ணு, அல்லா மேல சத்தியமா" என்றாள். அத்தை எழுதச் சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்போ அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும். நீங்கதான சொல்லிட்டீங்க."

அவள் கையிலிருந்த துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் அழுகை நிற்கவில்லை. ஒருத்தருக்குக் கதையின் ருசியைக் கெடுத்துவிட்டோமே என்று இவ்வளவு வருத்தப்படுகிறாளே என்று எனக்குப் பாவமாகப் போய்விட்டது. பெரிய மனசு பண்ணி அவளை மன்னித்தேன்.