அப்பா பெயர் போட்ட படம்

என் அப்பா சினிமாவுக்கு வசனம் எழுதினார். திரையில் மட்டும் 'கதை, வசனம்' என்று முதலாளியின் பெயர்தான் வரும். முதலாளி என்றால் படக் கம்பெனிக்காரர். நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத வராத மனுஷன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா பேசிப் பார்த்துத்தான் எழுதுவார். சமையலறை வாசலில் நின்று கதாநாயகனாக உறுமுவார், கதாநாயகியாக விசும்புவார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி கேட்பாள். கரண்டியோடு அவள் திரும்பிப் பார்த்தால் வசனம் தேறியது. திரும்பாவிட்டால் தாளைக் கிழித்துவிடுவார். நல்ல வசனம் பிறந்த நாளில் எங்கள் வீட்டுச் சாப்பாடு தீய்ந்திருக்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்பார். "அடுத்த படத்துல கண்டிப்பா போட்டுடலாம், எழுத்தாளரே" என்று முதலாளி தோளில் தட்டி அனுப்புவார். இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

"உங்களுக்கு ரோஷமே கிடையாதா?" என்று அம்மா கத்துவாள்.

ஒரு படத்தில் முதலாளிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. அப்பா எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே வசனம் எழுதினார். படத்தை வாங்க வந்தவர்கள் போட்டுப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள். படம் தேறாது என்று தெரிந்ததும் என்ன செய்தார் தெரியுமா? 'கதை, வசனம்' அட்டையில் தன் பெயரை எடுத்துவிட்டு அப்பா பெயரை எழுதச் சொன்னார். அப்பாவைக் கூப்பிட்டு, "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன் பாருங்க" என்றாராம். படுபாவி!

அப்பா எங்களிடம் மூச்சு விடவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு தியேட்டருக்கு அழைத்துப் போனார். திரை முழுக்க அவர் பெயர். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது, பொய் சொல்வானேன்.

படம் ஓட ஓட அம்மா நெளிந்தாள். "ஏங்க, இதுல ஒண்ணு கூட நான் கேட்டதில்லையே. இது உங்க வசனமே இல்லையே?"

"சும்மா இரு" என்றார்.

அதற்குள் விசிலும் கூச்சலும் கிளம்பிவிட்டன. பின்வரிசையில் ஒருவன், "எவன்டா இந்தக் கண்றாவிய எழுதினது?" என்று கத்தினான்.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அப்பா எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் திரும்பினார்.

"நான்தாங்க."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

அதற்கப்புறம் எந்தக் கம்பெனியும் அவரைக் கூப்பிடவில்லை. முதலாளி வேறொரு அப்பாவியைப் பிடித்து எழுதவைத்து, பழையபடி தன் பெயரைப் போட்டுக்கொண்டார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதும் யாராவது, "அந்தப் படத்த எழுதினாரே, அவர் பொண்ணா நீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் என்கிறேன்.