தோல் ஷாப் வண்டி

எழுத வராதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு படித்த ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் பழைய ராணுவ சைக்கிள்களைச் சேர்த்து ஆராய்ச்சி செய்கிறார். அவர் கண்ட ஒரே போர்க்களம் தன் கடையின் ஆடித் தள்ளுபடிதான். பழைய இரும்புக் கடையில் கிடைத்த பச்சை வண்டியைக் காட்டி, தோல் சீட்டை முகரச் சொன்னார்.

"யுத்த வாசம்ப்பா!"

அது எங்கள் தோல் ஷாப்பின் நாற்றம். இன்று கல்யாண மண்டபம் நிற்கும் அந்த இடத்தில், சுண்ணாம்புத் தொட்டிகளில் ஆட்டுத்தோல் ஊற, ஆவாரம்பட்டை இடிக்கும் சத்தம் பகலெல்லாம் கேட்க, பட்டாளத்து ஏலத்தில் எடுத்த இதே வண்டியில் என் அத்தா உப்புநீர் சொட்டும் தோல்களைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தைக் கடக்கும்போதெல்லாம், "ஏலே, தோலு வண்டி வருது, மூக்கைப் பொத்துங்கடா!" என்று ஜன்னலில் ஏறிக் கத்தியவர்தான், இப்போது கண்ணை மூடி அந்தச் சீட்டை முகர்ந்துகொண்டிருந்தார். ஹேண்டில்பாரில் அத்தா சுற்றிய செம்புக்கம்பிகூட அப்படியே இருந்தது.

எங்கும் வாய் திறக்காத நான் சொல்லிவிட்டேன்: "இது எங்கத்தா வண்டி. நீ மோந்து பாக்குறது ஆட்டுத்தோலு நாத்தம்."

"போப்பா, உங்கத்தா பட்டாளத்துலயா இருந்தாரு?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே மூக்கை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த வண்டியில் புது ரெக்சின் சீட்டு இருந்தது.